பாயருகே ஒரு ஜோடி செருப்பு: வாசகர் கேள்விகள், மனநல மருத்துவர் பதில்கள்

வளரிளம் பருவத்தினரின் தூக்கம் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது கைப்பேசி, தேநீர், தேர்வுப் பதற்றம் ஆகியவற்றைத்தான் பெரிதும் பேசினேன். சிறு வயதில் அடியும் வசவும் அத்துமீறலும் கண்ட பிள்ளைகளின் தூக்கமின்மை வேறு வகைப்பட்டது என்று இறுதியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்: என் தங்கை மகனுக்கு 14 வயது. அவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்து என் தங்கையையும் அவனையும் அடிப்பது வழக்கம். தங்கை நோயில் இறந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக அவன் எங்கள் வீட்டில்தான் வளர்கிறான். இங்கே யாரும் அவனைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்தே கிடக்கிறான். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று மூன்று நான்கு முறை எழுந்து பார்க்கிறான். செருப்பைப் பாயருகே வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். வாசலில் கொண்டுபோய் விட்டால், எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடியும் எடுத்து வந்துவிடுகிறான். முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறான் என்று பள்ளியிலிருந்து புகார் வருகிறது. அவன் அப்பா ஞாயிறு இரவுகளில் போன் செய்வார். அன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். அடித்தவர்தான் இங்கே இல்லையே, பிறகும் ஏன் இப்படி? பழக்கக் கோளாறா, பிடிவாதமா?

பதில்: இரண்டும் இல்லை அம்மா. தாழ்ப்பாள், செருப்பு, ஞாயிற்றுக்கிழமை போன் என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை இரவில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது விளங்கிவிடும். அவன் காவல் காத்துக்கொண்டிருக்கிறான். ஓட வேண்டி வந்தால் வெறுங்காலோடு ஓடக் கூடாது என்பதற்காகத்தான் செருப்பு பாயருகே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அதனால் கேள்வியை மாற்றி, இரவில் உன் வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று கேட்டேன். தலை நிமிர்ந்தது. கடைசிப் பேருந்தின் ஹாரன், எதிர்வீட்டுக் குழாயடியில் குடம் வைக்கும் சத்தம், தெரு நாய்கள் எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கின்றன என்பது வரை வரிசையாகச் சொன்னான். பிறகு தன் அப்பாவின் பைக்கைப் பற்றிச் சொன்னான். தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தால் அவர் குடிக்கவில்லை என்று பொருளாம். வாசல் வரை ஓட்டி வந்து, இரண்டு முறை முறுக்கிவிட்டு அணைத்தால் குடித்திருக்கிறார் என்று பொருளாம். அந்த இரண்டாவது முறுக்கலுக்கும் கதவு தட்டப்படுவதற்கும் இடையில் தங்கையை எழுப்பிப் பின்கட்டுக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கும் என்றான். ஆறு வயதிலிருந்து அந்தக் காது அப்படிப் பழகியிருக்கிறது. அப்படிப் பழகிய காதை, வீடு மாறியதும் ஒரே நாளில் மூடிக்கொள் என்று சொன்னால் அது கேட்குமா?

தூக்கம் என்பது நாமாகக் காவலைக் கைவிடுகிற நிலை. கண் மூடி, காது மந்தமாகி, கனவு வரும் கட்டத்தில் கை கால் தசைகளும் செயலற்றுப்போகும் அளவுக்கு உடல் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. சுற்றிலும் ஆபத்து இல்லை என்று மூளை நம்பினால்தான் இது நடக்கும். ஆபத்தை முகர்ந்து எச்சரிக்கும் பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அமிக்டலா என்று அதற்குப் பெயர். பிஞ்சு வயதில் அடிக்கடி அச்சத்துக்கு ஆளான பிள்ளைகளிடம் அது சிறு சத்தத்துக்கும் சட்டென்று விழித்துக்கொள்ளும். அது விழித்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். கார்ட்டிசால் என்னும் சுரப்பு இயல்பாகக் காலையில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவுக்குள் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். நெடுநாள் அச்சத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் குலைந்துபோகிறது. உடல் களைத்திருக்கும், ஆனால் உள்ளே விளக்கு அணையாது.

இது வெறும் அனுமானம் அன்று. அமெரிக்காவில் கரோல் கிளாட், மார்ட்டின் டைச்சர் ஆகியோர் அடங்கிய குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கு ஆளான 19 குழந்தைகளுக்குக் கைக்கடிகாரம் போன்ற அசைவுமானிக் கருவியைக் கட்டி அவர்களுடைய உறக்கத்தைப் பதிவு செய்தார்கள். அக்குழந்தைகள் உறங்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்; இரவில் மற்றக் குழந்தைகளைப் போல் இரு மடங்கு அசைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் அடி வாங்கி வளர்ந்தவர்களின் உறக்கம், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் உறக்கத்தைவிடவும் அதிகமாகக் குலைந்திருந்தது என்பதை நம் ஊர்ப் பெற்றோர் ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். அடிப்பதை நாம் கொடுமைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கிருந்து 2006-இல் வந்த ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. 7 முதல் 15 வயது வரை எந்த வீடுகளில் சண்டை சச்சரவு மிகுந்திருந்ததோ, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 18 வயதில் தூக்கமின்மை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த வயதில் அவர்களுக்கு இருந்த மனச்சோர்வையும் பதற்றத்தையும் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் இத்தொடர்பு எஞ்சி நின்றது. அதாவது, சண்டை ஓய்ந்த பின்னும் இரவு தன் பழைய பாடத்தை மறப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவே என்று நீங்கள் மனம் தளர வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகள் கற்ற பாடத்துக்கு எதிரே அது சிறிய காலம்தான். தாயை இழந்த துயரமும் இரவில்தான் மேலே வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில், செருப்பு அங்கேயே இருக்கட்டும். படுக்கும் இடத்தில் செருப்பு ஆகாது என்ற உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஒரு காகிதத்தை விரித்து அதன் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் எடுத்துப் போகாதீர்கள். "உனக்கு வேண்டும் என்று தோன்றும் வரை இங்கேயே இருக்கட்டும்பா" என்று நீங்களே சொல்லிவிட்டால், அவன் எல்லோரும் தூங்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவை நின்றுவிடும். தாழ்ப்பாளைப் போடும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். இரவு படுக்கும் முன் அவனும் நீங்களுமாக வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் என்று ஒரு சுற்று சேர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். தனியாகப் போய் மூன்று முறை பார்ப்பதற்கும், பெரியம்மாவோடு ஒரு முறை பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. எந்த இடத்தில் படுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். இத்தகைய பிள்ளைகள் பெரும்பாலும் சுவரில் முதுகை ஒட்டி, கதவு கண்ணில் படும்படி படுக்கவே விரும்புவார்கள்.

தூக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரையான இருட்டும் அமைதியும் தனி அறையும் இப்பிள்ளைகளிடம் எதிர்ப்பலனைத் தரக்கூடும் என்பதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். முழு அமைதியில்தான் காது கூர்மையாகும். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். மின்விசிறியின் சத்தம் இருக்கட்டும். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யாராவது படுத்திருக்கட்டும். கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், அது அவனுக்கு இரவின் துணையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், வெளிச்சமில்லாத வேறு துணை ஒன்றை, மெல்லிய ஒலியில் வானொலியைப் போல ஒன்றை, கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் எழுப்பும்போது தொட்டு உலுக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். போர்வையைச் சட்டென்று உருவுவது கூடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போன் பகலுக்கு மாற வேண்டும். அவன் பேச விரும்பாத நாளில் பேச வேண்டியதில்லை என்பதையும், அவன் அப்பா வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவீர்கள் என்பதையும் அவனுக்கு உறுதியாகச் சொல்லுங்கள். "திடீரென்று யாரும் வரமாட்டார்கள்" என்ற உறுதி, எந்த மாத்திரையும் செய்யாத வேலையைச் செய்யும். இவையெல்லாம் ஓரளவு நிலைத்த பிறகுதான் நேர ஒழுங்கு பற்றிப் பேச வேண்டும்: ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெயிலில் சிறிது நேரம் நிற்பது, மாலை நான்கு மணிக்குப் பிறகு தேநீரும் காபியும் தவிர்ப்பது, இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து சலிப்பூட்டும் வேலை ஏதாவது செய்வது. வரிசையை மாற்றிவிட்டால் இவற்றால் பயனில்லை.

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஒரு முறை அழைத்துப் போங்கள். தூக்கத்துக்காக மட்டுமன்று, அந்தப் பிள்ளை தான் பார்த்ததையும் பட்டதையும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் தன் வேகத்தில் சொல்ல ஓர் இடம் வேண்டும். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம், விவரம் எதுவும் சொல்லாமல், இரவில் அவனுக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு, சிகிச்சை நடக்கிறது என்று மட்டும் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

பெயரும் முகவரியும் இல்லாத கடிதம்: எனக்கு 17 வயது. ஒன்பது வயதில் உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். அம்மாவுக்குத் தெரியாது. இப்போது வாரத்தில் நான்கு ஐந்து நாள் அதே கனவு வருகிறது. சில நாள் விழிப்பு வந்த பிறகும் கை காலை அசைக்க முடிவதில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. அமுக்குவான் பேய் என்று பாட்டி சொல்கிறார். பயந்துகொண்டு மூன்று மணி வரை படிக்கிறேன். எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்கிறார்கள். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

பதில்: மகளே, உனக்குப் பைத்தியம் இல்லை. உனக்கு நடந்ததில் உன் குற்றம் அணுவளவும் இல்லை. இதை நீ எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். எட்டு ஆண்டுகள் தனியாகச் சுமந்ததை எழுத்தில் கொண்டுவர எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நெஞ்சை அமுக்கும் அந்த அனுபவத்துக்கு மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்று பெயர். நாம் கனவு காணும் உறக்கக் கட்டத்தில், கனவில் ஓடுவதை உடல் உண்மையாகவே ஓடிச் செய்துவிடாதபடி, மூளை தசைகளின் இயக்கத்தை நிறுத்தி வைக்கிறது. சில சமயம் மனம் விழித்த பிறகும் அந்தத் தடை சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்துவிடும்; கனவின் மிச்சம் கண்முன் நிற்கும்; அச்சத்தில் மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். உயிருக்கு ஆபத்து இல்லை. தூக்கம் குறைந்தவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும், உன்னைப்போல் சிறு வயதில் அத்துமீறலுக்கு ஆளானவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. அடுத்த முறை வரும்போது முழு உடலையும் அசைக்கப் போராடாதே. ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயன்று, மூச்சை மெல்ல வெளியே விடு. ஒருக்களித்துப் படுத்துப் பார்.

அந்தக் கனவு ஏன் ஓயவில்லை என்று நீ உன்னையே நொந்துகொள்கிறாய். ஜெனி நோல் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தார்கள். கொடுமை வெளியே தெரியவந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகும், அவர்களுக்குத் தூக்கக் கோளாறுகள் மற்றப் பெண்களைவிட அதிகமாக இருந்தன என்று 2006-இல் எழுதினார்கள். மனச்சோர்வைக் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு எஞ்சி நின்றது. ஆகவே நீ பகலில் நன்றாகப் படித்து, சிரித்துப் பேசி, இரவில் மட்டும் இப்படித் தவிப்பதில் வியப்பு எதுவும் இல்லை. இரவைப் படிப்பால் நிரப்பி நீ தப்பிக்கிறாய் என்பதையும் உன் வீட்டில் இன்னும் யாரும் காணவில்லை; மதிப்பெண் நல்ல திரை.

இத்தகைய கனவுகளுக்குச் சிகிச்சை உண்டு. கனவைப் பகல் வெளிச்சத்தில் எழுதி, அதன் போக்கை நீ விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அது. கதவு திறக்கிற இடத்தில் யார் உள்ளே வருகிறார்கள் என்பதை நீ முடிவு செய்கிறாய். கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பேரி கிராக்கோ தலைமையில், பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களை வைத்து நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், மூன்றே அமர்வுகளில் கொடுங்கனவுகள் கணிசமாகக் குறைந்தன. இதைத் தனியாக முயலாதே, பயிற்சி பெற்றவரின் துணையோடு செய். தொடக்கத்தில் பழைய நினைவு கிளர்ந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

பாட்டியின் மாத்திரை வேண்டாம். கால் பங்குகூட வேண்டாம். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் வகையாக இருக்கலாம். வயதானவருக்கு அளந்து கொடுத்த மருந்து அது. உன் கனவை அது குணப்படுத்தாது. சாக வேண்டும் என்ற எண்ணமோ, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழை; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு செய்தியை உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்த எவரும், மருத்துவர் உட்பட, அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நீ ஒரு மருத்துவரிடம் சொன்னால் அவர் அதைச் செய்வார். இதைக் கேட்டு நீ பின்வாங்கிவிடுவாயோ என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் தெரியாமல் போய் அங்கே அதிர்ச்சியடைவதைவிட, தெரிந்து போவது நல்லது. உன் வாக்குமூலத்தை உன் வீட்டிலோ நீ விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். நீ நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். உன் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இவை அனைத்தும் சட்டத்திலேயே உள்ளவை. காலம் கடந்துவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். முதல் அடியாக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசு. அம்மாவிடம் சொல்ல முடிந்தால் சொல். வாய் வராவிட்டால், எனக்கு எழுதியதுபோல் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. அந்த உறவினர் இன்னமும் வீட்டுக்கு வந்துபோகிறவராக இருந்தால், இன்றைக்கே 1098.

வாசகி, மதுரை: என் 12 வயதுப் பேத்தி நான்கு வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்டாள். இப்போது மூன்று மாதமாக மறுபடியும் நனைக்கிறாள்; தனியாகப் படுக்க மறுக்கிறாள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று தாயத்து கட்டினோம். குறையவில்லை.

பதில்: எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்தது சரியாகவே இருக்கலாம் அம்மா, எதை என்பதுதான் கேள்வி. முதலில் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் இல்லை என்று ஒரு குழந்தை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால், மூன்று மாதத்துக்கு முன் அவள் வாழ்வில் என்ன மாறியது என்று பாருங்கள்: புதிய டியூஷன், புதிய ஆட்டோ, வீட்டில் தங்க வந்த ஆள், பள்ளியில் கேலி, பெற்றோரிடையே சண்டை. தாயத்து அவளுக்கு ஆறுதல் தந்தால் இருக்கட்டும், அதைக் கழற்றச் சொல்லமாட்டேன். ஆனால் நனைந்த படுக்கையைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசாதீர்கள். விரிப்பை மாற்றும்போது அவளோடு சேர்ந்து மாற்றுங்கள். "ஏன் செய்தாய்" என்று கேட்காமல், "ராத்திரியில் எப்போது பயமாக இருக்கிறது கண்ணு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்: பத்தாம் வகுப்பில் நாள்தோறும் ஐந்தாறு பேர் தூங்குகிறார்கள். கைப்பேசியால் விழிப்பவர் யார், வீட்டுக் கொடுமையால் விழிப்பவர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஐயா, இப்படிக் கேட்கும் ஆசிரியர் கிடைத்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தை அறிவிக்கும் மெலட்டோனின் சுரப்பு, ஓரிரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஐந்தரைக்கு எழுந்து பேருந்து பிடிக்கும் பிள்ளைக்கு அது கிடைக்க வழியே இல்லை. ஆகவே உங்கள் வகுப்பில் தூங்குபவர்களில் பலர் வெறும் தூக்கக் கடனாளிகளே.

மற்றவர்களிடம் வேறு சில குறிகள் தெரியும். கைப்பேசியால் விழித்தவன் எழுப்பினால் அசடு வழிவான். அச்சத்தில் விழித்தவன் தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து கையால் முகத்தை மறைப்பான். வகுப்பில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஆசிரியரின் பாடவேளையில் மட்டும் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையும் உண்டு. அவனுக்கு அந்த நாளில் பாதுகாப்பான இடம் அது ஒன்றுதான் என்று பொருளாக இருக்கலாம். உங்கள் பாடவேளையாக இருந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடுமுறை நெருங்கும்போது மகிழாமல் வாடுகிற பிள்ளை, எப்போதும் முழுக்கைச் சட்டையில் வருகிற பிள்ளை, பள்ளி விட்ட பின்னும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளை ஆகியோரையும் கவனியுங்கள். அடி என்பது இல்லாமல், சோறு போட்டார்களா, வந்தானா போனானா என்று கேட்க நாதியில்லாமல் வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கும் நேரம் என்று ஒன்றே இருப்பதில்லை.

இவர்கள் அரிதானவர்கள் என்று எண்ண வேண்டாம். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் இருவர் உடல்ரீதியான கொடுமையைச் சந்தித்ததாகப் பதிவாகியிருக்கிறது.

நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக அழைத்து, மற்றவர் கண்ணில் படும் ஆனால் காதில் விழாத இடத்தில், "நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், எதனால் விழிப்பு வந்தது" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை கொடுமையைச் சொன்னால் நம்புங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. 1098 வழியாகவோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகவோ உதவி பெறலாம். தூங்கியதற்காகப் பெஞ்ச் மேல் நிற்க வைப்பதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் உங்கள் பள்ளியில் இருந்தால், சக ஆசிரியர்களிடம் பேசி அவற்றை நிறுத்துங்கள். உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது.

வாசகர், கோயம்புத்தூர்: என் மகளுக்கு 16 வயது. மதிப்பெண் குறைந்தால் பெல்ட்டால் அடித்திருக்கிறேன். என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார். மூன்று ஆண்டுகளாகக் கை வைப்பதில்லை. ஆனால் இரவில் என் காலடிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறாள்; மூச்சு விடுவதைப் பார்த்தால் தூங்கவில்லை என்று தெரிகிறது. உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. அவள் தூக்கம் கெட்டதற்குக் காரணம் நான்தானா? மன்னிப்புக் கேட்கலாம் என்றால், பிள்ளையிடம் தகப்பன் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்கிறார் என் அம்மா.

பதில்: ஐயா, அடியாத மாடு படியாது என்றும், அடிக்கிற கைதான் அணைக்கும் என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அணைப்பு நாள் முழுதும் வந்தாலும், அடி எப்போது வரும் என்று தெரியாத வரை பிள்ளையின் உடல் அந்த அடிக்காகவே காத்திருக்கும். உங்கள் மகள் உங்கள் காலடியில் கோபத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். காரணம் நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் தூக்கம் பல காரணங்களால் கெடலாம் என்றாலும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பங்கு உங்களுடையது என்றே எனக்குப் படுகிறது. ஆறுதலுக்காக வேறு சொன்னால் அது உங்களுக்கும் அவளுக்கும் பயன்படாது. மூன்று ஆண்டுகளாகக் கையை அடக்கியிருக்கிறீர்கள் என்பதும் உண்மை. அது சிறிய செயல் அன்று.

மன்னிப்புக் கேளுங்கள். பகலில் கேளுங்கள், இரவில் அவள் அறைக்குப் போய் வேண்டாம். சுருக்கமாக, செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "மார்க்குக்காக உன்னை பெல்ட்டால் அடித்தேன். அது தப்பு. உன் தப்பு எதுவும் இல்லை. இனிமேல் அடிக்கமாட்டேன்." உன் நல்லதுக்காகத்தான் என்று தொடங்காதீர்கள், என் அப்பாவும் என்னை அடித்தார் என்று முடிக்காதீர்கள். அவள் அழலாம், பேசாமல் எழுந்து போகலாம், கோபத்தில் கத்தலாம். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை அவளிடமிருந்து எதிர்பார்த்து நிற்காதீர்கள். அந்த பெல்ட் இன்னும் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தால், அதை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த மதிப்பெண் அட்டை வரும் நாள்தான் அவளுக்கு உண்மையான சோதனை நாள். அன்றைக்கு உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே உங்கள் வாக்கை அவள் எடைபோடுவாள். உங்கள் கோபம் இன்னும் அடங்கவில்லை என்று தோன்றினால் நீங்களும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். மகளை மட்டும் நோயாளியாக்கி அழைத்துப் போகாதீர்கள்.

இரவில் அவள் அறையைக் கடந்து போக வேண்டியிருந்தால், சத்தம் எழாமல் பூனைபோல் நடக்காதீர்கள். அது இன்னும் அச்சமூட்டும். கூடத்திலிருந்தே, "அப்பா தண்ணி குடிக்கப் போறேம்மா" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நடங்கள். கதவைத் திறக்காதீர்கள். விளக்கு எரிந்தால் எரியட்டும்.